கடல் தாண்டாத பணம்

அசோக் நகர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிங்கத் தலைத் தூண், இப்போது இல்லாமல் போன உதயம் தியேட்டர், அவென்யூ எண்ணைச் சொல்லி வழி கேட்கும் ஆட்டோக்காரர். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் வேறு பதில் வரும். “அசோக் நகரா? எமிகிரேஷன் அடிக்கப் போற இடமில்ல!” என்பார்கள். வீட்டுவசதி வாரியத்தின் அசோக் நகர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தளத்தில்தான், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது. வளைகுடாவுக்குக் கிளம்பிய தமிழ்நாட்டுத் தொழிலாளிகளில் பெரும் கூட்டம் அந்த வாசலைத் தொட்டுவிட்டுத்தான் மீனம்பாக்கம் போனது.

இரவு பஸ் பிடித்துக் கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவி, நூறடி ரோட்டில் வந்து சேர்வார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பாஸ்போர்ட், விசா நகல், வேலை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் தாள். சிலருடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில்கூட இருக்காது. ஏஜென்ட்டின் ஆள் இருபது பாஸ்போர்ட்டை ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாகப் பிடித்திருப்பார். அவர் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் டீக்கடையும் இந்தக் கூட்டத்தை நம்பி நடந்தன.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் போட்டுவைத்த வழி இது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ‘ஈசிஆர்’ வகை, அதாவது எமிகிரேஷன் சோதனை தேவைப்படுவது. அந்த பாஸ்போர்ட்டோடு சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, முதலாளி யார், இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்றா என்று பார்ப்பதுதான் அனுமதியின் நோக்கம். 2014 முதல் ‘இ-மைக்ரேட்’ என்ற இணைய முறை வந்து, வரிசையில் நிற்கும் வேலை பெரிதும் குறைந்தது.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வங்கிக் கவுன்ட்டரிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். கதை அதற்கு வெகு முன்பே, இந்தப் பிளாஸ்டிக் கவரில் தொடங்கிவிடுகிறது. ஊருக்கு அனுப்பப் போகிற முதல் பத்து மாதப் பணம் யாருக்குச் சேரும் என்பது விமானம் ஏறுமுன்னே முடிவாகிவிடுகிறது.

ஓர் உதாரணக் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். பரமக்குடிப் பக்கம், ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். பெயர் எதற்கு, அவரைப் போல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. நடப்பில் துணை ஏஜென்ட், அவருக்கு ஆள் பிடித்துத் தருகிற ஊர்க்காரர், ‘விசா வாங்கின காசு’ என்று ஒவ்வொரு கையாக மாறி ஒன்றரை லட்சம் ஆகிவிடுகிறது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மீதி ஊர்க்கடன். எல்லாமே மூணு வட்டிக்கு. ஒன்றரை லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 4,500. துபாயில் சம்பளம் 1,200 திர்ஹாம். சாப்பாடு, போன் போக 800 திர்ஹாம் அனுப்புகிறார். திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18,400. அதில் கிட்டத்தட்ட கால் பங்கு, அசலைத் தொடாமல், வட்டியாகவே போய்விடுகிறது.

பணம் அனுப்பும் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசுகின்றன. 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. நல்ல இலக்குதான். ஆனால் பரமக்குடிக் கொத்தனாருக்குக் கட்டணத்தைவிடப் பத்து மடங்கு கனமான சுமை அந்த மூணு வட்டி. அதைப் பற்றி மாநாடுகளில் இவ்வளவு பேச்சு இல்லை.

தனியார் ஏஜென்ட்டை நம்பாமல் வெளிநாட்டு வேலைக்குப் போக வழி செய்யவே தமிழ்நாடு அரசு 1978-லேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. நர்ஸுகளும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் இந்த 18 நாடுகளுக்குச் செல்ல, இதைப் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்ற விதி பின்னாளில் வந்தது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஏஜென்ட், ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்.

இனி, பணம் புறப்படும் இடம். துபாயில் சோனாப்பூர் என்று நம் ஆட்கள் அழைக்கும் லேபர் கேம்ப் பகுதி. சம்பளம் வந்த வார விடுமுறையில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூட்டம். சுவரில் மின்பலகை: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அன்றைய ரேட். வரிசையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நகர்வார்கள்.

“இன்னிக்கு இந்தியா எவ்வளவுண்ணே?”

“நேத்தைக்கு அஞ்சு காசு கூட.”

அஞ்சு காசுக்கு ஒரு நாள் காத்திருந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். மாதம் 1,500 திர்ஹாம் அனுப்புகிற ஒருவருக்கு, அஞ்சு அஞ்சு காசாகச் சேர்ந்து திர்ஹாமுக்கு 20 காசு வித்தியாசம் வந்தால் 300 ரூபாய். வருஷத்துக்கு 3,600. ஊரில் ஒரு பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் அதில் வந்துவிடும்.

‘கட்டணமே இல்லை’ என்று போர்டு போட்ட இடத்தில்தான் ரேட்டைக் கூர்ந்து பார்க்கவேண்டும். கட்டணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாங்காவிட்டால், ரேட்டில் தெரியாத மாதிரி எடுத்துக்கொள்வார்கள். இரண்டு இடங்களை ஒப்பிட எளிய வழி ஒன்றே: “இத்தனை திர்ஹாம் கொடுத்தால், ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?” என்ற ஒரே கேள்வி. மற்ற எண்கள் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பார்க்காது, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருக்கும். 20 திர்ஹாம் என்றால், 2,000 அனுப்புகிறவருக்கு அது ஒரு சதவீதம்; 500 அனுப்புகிறவருக்கு நான்கு சதவீதம். குறைந்த சம்பளக்காரர்தான் கூடுதல் விலை கொடுக்கிறார். வீட்டில் காய்ச்சல், கல்யாண மொய், ஸ்கூல் பீஸ் என்று தவணை தவணையாகக் கேட்கும்போது அவர் மாதத்தில் மூன்று முறை வரிசையில் நிற்கிறார், மூன்று முறை கட்டணம் கட்டுகிறார்.

திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது; ஒரு டாலர் 3.6725 திர்ஹாம். சவுதி ரியாலும் அப்படியே, 3.75. அதனால் துபாய்க்காரர் ரேட் கூடியது குறைந்தது என்று சொல்வதெல்லாம் உண்மையில் டாலருக்கும் ரூபாய்க்கும் நடுவே நடக்கிற கதை. 2013 ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது இங்கே பத்திரிகைகள் ‘ரூபாய் வீழ்ச்சி’ என்று கவலையோடு தலைப்பிட்டன. அங்கே எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டது. ஒரே செய்திக்கு இரண்டு முகம். ஆனால் வாங்குகிற ஒவ்வொரு திர்ஹாமுக்கும் இரண்டு ரூபாய் கூடக் கிடைத்த மகிழ்ச்சி, ஊரில் சிமென்ட், கம்பி, கேஸ் விலையைக் கேட்டதும் பாதியாகிவிடும் என்பதை வீடு கட்டிக்கொண்டிருக்கும் எந்தத் துபாய்க்காரரும் சொல்வார்.

சரி, கவுன்ட்டரில் கொடுத்த திர்ஹாம் என்ன ஆகிறது? அது கடல் தாண்டுவதே இல்லை. எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் ரூபாயாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே திர்ஹாமை வாங்கிக்கொண்டு, இங்கே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துப் பரமக்குடி வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்கிறது. தாண்டுவது ஒரு சொல், ஒரு உத்தரவு. ரிசர்வ் வங்கி இதற்கு வைத்திருக்கும் பெயர் ரூபாய் வரைவு ஏற்பாடு. வளைகுடாப் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது.

இந்த வித்தை தமிழர்களுக்குப் புதிதல்ல. பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டிக் கடை விரித்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இதைத்தான் உண்டியல் என்றார்கள். அங்கே பணத்தைக் கட்டினால், தாளில் எழுதிய உண்டியல் கப்பலேறி வரும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வரிசையாக இருந்த செட்டியார் கிட்டங்கிகள் ஒரு காலத்தில் அந்த ஊரின் தமிழ்ப் பணச் சந்தை. அந்த வழக்கத்தின் மேல்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கதவு திறந்தது, அடுத்து பினாங்கு. கடல் கடந்து உழைக்கிறவரின் பணத்தை மனதில் வைத்துப் பிறந்த வங்கி அது. அதை உருவாக்கியவர் 1954-இல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார்.

வளைகுடாவில் நம் ரூபாயே புழங்கிய காலமும் உண்டு. குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகப் பகுதிகள் எல்லாம் இந்திய ரூபாயில்தான் கொடுக்கல் வாங்கல் நடத்தின. அந்த நோட்டுகளைக் கொண்டு தங்கம் கடத்தி வந்து இந்தியாவின் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியதும், 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று வேறு நிறத்தில் தனி நோட்டு அச்சிட்டது. 1961-இல் குவைத் சொந்தமாகத் தினார் வெளியிட்டது. பஹ்ரைன் 1965-இல் தன் தினாருக்கு மாறியது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தாரும் இன்றைய அமீரகப் பகுதிகளும் விலகிக்கொண்டன. எண்ணெய்ப் பணம் பொங்கி, நம் ஆட்கள் அலை அலையாகப் போனது அதற்குப் பிறகுதான்.

எண்பதுகளில் பணம் டிராஃப்ட்டாக வந்தது. ரிஜிஸ்டர் தபாலில் கடிதம், அதற்குள் மடித்த டிராஃப்ட். வங்கியில் கொடுத்தால் ‘கலெக்‌ஷனுக்கு அனுப்பியிருக்கு’ என்பார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம். லீவில் வருகிறவர் கையில், பேசிப் பதிவு செய்த கேசட் வரும், அதோடு கொஞ்சம் பணமும். கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாடு போய் வருகிறவரைச் சபுராளி என்பார்கள். சபுராளி வந்து இறங்கிய வீட்டுத் திண்ணையில் அன்று நாலு வீட்டுக்காரர்களாவது தங்கள் கவருக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா அம்மானிலிருந்து ஏற்றிவந்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாப் பணம் சுருங்கியது. வேறு காரணங்களும் சேர்ந்து, மறு வருஷம் இந்தியா தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலைக்கு வந்தது. கொத்தனார் வீட்டில் நடந்ததுதான் நாட்டுக்கும் நடந்தது. நேர்மாறாக, 2020-இல் கொரோனா வந்தபோது இந்தியாவுக்கு வரும் பணம் 23 சதவீதம் விழும் என்று உலக வங்கி கணித்தது. அந்த ஆண்டு முடிவில் பார்த்தால் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்திலும் வீட்டுக்கு அனுப்புவதை நம் ஆட்கள் நிறுத்தவில்லை.

2024-25 நிதியாண்டில் இப்படி இந்தியாவுக்கு வந்தது 135 பில்லியன் டாலருக்கு மேல். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்புப்படி மாநிலங்களில் மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாடு மூன்றாம் இடம், 10.4 சதவீதம். 2015-இல் பேராசிரியர் இருதய ராஜன் குழுவினர் நடத்திய தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர்.

உண்டியல் என்ற சொல் இன்றும் புழங்குகிறது, வேறு அர்த்தத்தில். துபாயின் தேய்ராவில் ஒரு கடைக்காரரிடம் திர்ஹாமைக் கொடுத்தால், மாலைக்குள் ஊரில் ஒருவர் பைக்கில் வந்து வீட்டு வாசலில் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அடையாளத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண் போதும். வங்கி ரேட்டைவிட நல்ல ரேட், கட்டணம் இல்லை, படிவம் இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி இது விதிமீறல். ஆனாலும் ஏன் போகிறார்கள் என்று கேட்டால், பேராசை மட்டும் காரணமில்லை. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி முடிந்து, கபில் என்ற பொறுப்பு முதலாளி கைவிட்டு, ‘கல்லிவல்லி’யாக ஒளிந்து வேலை பார்ப்பவருக்கு எந்த எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரும் திறக்காது. அவருடைய அம்மாவுக்கும் மருந்து வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இதில் ஒரு புது ஆபத்து சேர்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். இப்போது பைக்கில் ஆள் வருவது குறைவு. வாட்ஸ்அப்பில் அறிமுகமான ‘நல்ல ரேட்’ ஆசாமி, திர்ஹாமை வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து ஊர்க் கணக்குக்குப் பணத்தைத் தள்ளிவிடுகிறார். அந்த யாரோ, எங்கோ ஒரு பென்ஷன்காரரை ஆன்லைனில் ஏமாற்றிய கும்பலைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் போலீஸ் கணக்குகளை முடக்குகிறது. அந்த வழியில் பரமக்குடிக் கணக்கும் ஒன்று. ஏடிஎம்மில் கார்டைச் செருகும்போதுதான் அந்த வீட்டுப் பெண்ணுக்கே தெரிகிறது. வேறு மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு எழுதிப்போட்டு, வங்கிக்கு நடந்து, மாதக்கணக்கில் அல்லாடவேண்டும். உழைத்த பணம்தான் இது என்று காட்ட கையில் ஒரு ரசீதுகூட இருக்காது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிற அந்தச் சின்னச் சீட்டின் மதிப்பு அப்போது தெரியும்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இப்போது வழி கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. அங்கிருந்து செல்போன் எண்ணையோ யுபிஐ முகவரியையோ போட்டு அனுப்பினால், சில நொடிகளில் இங்கே கணக்கில் விழுகிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை வரம்பு. பணம் பெறும் வங்கிகளின் முதல் பட்டியலிலேயே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. மார்க்கெட் தெருக் கிட்டங்கியிலிருந்து வாரக்கணக்கில் கப்பலில் வந்த தாள், அதே சிங்கப்பூரிலிருந்து நொடியில் வருகிறது.

அசோக் நகருக்குத் திரும்புவோம். எமிகிரேஷன் வரிசையில் நின்றவர்கள் அசோக் நகரில் குடியிருந்தவர்கள் அல்லர். வாரிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்ட இந்த அவென்யூக்களில் வெளிநாட்டுப் பணம் வேறு திசையிலிருந்து வருகிறது. நாடு முழுக்கவே திசை மாறிவிட்டது. 2023-24 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், அமீரகத்தின் பங்கு 19.2. மகனோ மகளோ நியூ ஜெர்சியில், டல்லாஸில். அப்பாவும் அம்மாவும் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டை நம்பி.

இந்த வீட்டுக் கேள்விகளும் வேறு மாதிரி. “ஏம்மா, இருபத்தஞ்சாயிரம் போட்டேன், வந்துடுச்சா?” “வந்துடுச்சுப்பா. ஆனா பேங்க்ல நாப்பத்தஞ்சு ரூபா பிடிச்சிருக்கான், எதுக்குடா?” வெளிநாட்டுப் பணமாக வந்து இங்கே ரூபாயாக மாறினால், அந்த மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரையிலான தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் 18 சதவீதம் போட்டால் 45 ரூபாயில் தொடங்கும். அந்த அம்மா விடாமல் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டது இதைத்தான்.

அதைவிடப் பெரிய பயம் வருமான வரி. “இவ்வளவு வருதே, டாக்ஸ்ல கேப்பாங்களா?” மகன் பெற்றோருக்கு அனுப்புவது உறவினர் தரும் அன்பளிப்பு, அதற்கு வரி கிடையாது, தொகைக்கு வரம்பும் இல்லை. அதை அப்பா தன் பெயரில் டெபாசிட் போட்டு வட்டி வாங்கினால், அந்த வட்டிதான் அப்பாவின் வருமானம். மனைவிக்கு அனுப்பி, மனைவி டெபாசிட் போட்டால், வட்டி கணவன் கணக்கில் சேரும். அனுப்பும்போது குடும்பப் பராமரிப்பு என்று நோக்கத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் பின்னால் விளக்கம் சொல்லும் தொல்லை குறையும்.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரி போட்டபோது இந்த மாடிகளில் போன் அழைப்புகள் பறந்தன. முதலில் 5 சதவீதம் என்றுதான் பேச்சு. முடிவில் வந்தது, ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றில் அனுப்புவதற்கு மட்டும், 2026 ஜனவரி முதல். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிற மென்பொறியாளரை அது தொடாது. வங்கிக் கணக்கில்லாமல் ரொக்கத்தில் கூலி வாங்குகிறவரைத்தான் தொடும். அங்கும் அதே கதை.

பரமக்குடிக்கும் அசோக் நகருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது: பணம் யார் பெயரில் விழுகிறது? வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. என்ஆர்ஓ கணக்காக மாற்றவேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. படித்தவர்களில்கூடப் பலர் இதைச் செய்யாமல் அப்பா கணக்கிலோ அண்ணன் கணக்கிலோ பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து வந்து இறங்கும்போது, கட்டிய வீடு அப்பா பெயரில். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. மாதாமாதம் அனுப்பியவருக்கும் ஒரு பங்குதான், ஊரிலேயே இருந்தவருக்கும் ஒரு பங்குதான். யாரும் ஏமாற்றவில்லை, காகிதத்தில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதை 2024 ஜூன் 12 சொன்னது. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று விடியற்காலையில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் குறைந்தது 45 பேர் இந்தியர்கள்; ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உடல்கள் கொச்சிக்கு வந்தன. அப்படி ஒரு நாளில் வீட்டுப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எமிகிரேஷன் அனுமதியோடு போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தால் பத்து லட்சம். டூரிஸ்ட் விசாவில் ஏற்றி அனுப்பப்பட்டவருக்கு அது இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கவரில் இருந்த இன்ஷூரன்ஸ் தாளைப் பலர் ஏர்போர்ட்டிலேயே தொலைத்துவிடுகிறார்கள். நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

நம் கொத்தனார் இரண்டாவது வருஷத்தில் ஒரு காரியம் செய்தார். கடன் அடைந்திருந்தது, நகை வீட்டுக்கு வந்திருந்தது. கேம்ப்பில் உடன் தங்கியிருந்த ஏசி மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வழி. தன் பெயரில் என்ஆர்இ கணக்கு திறந்தார். மனைவியை ‘முதலாமவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் இணைக் கணக்குதாரராகச் சேர்த்தார். அதற்கு விதி இடம் தருகிறது. மாதம் ஒரே முறை, மொத்த 800 திர்ஹாமும் அந்தக் கணக்குக்கு. அங்கிருந்து ஐந்தாம் தேதி 16,000 ரூபாய் மனைவியின் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தார். கட்டணம் ஒருமுறைதான்.

முதல் மாதம் போன் வந்தது.

“ஏங்க, பதினாறாயிரம்தான் விழுந்திருக்கு. ரெண்டாயிரத்து நானூறு குறையுதே? ரேட் இறங்கிடுச்சா?”

“குறையலை. அது என் கணக்குலயே கிடக்கு.”

“உங்க கணக்குலயா? அங்க எதுக்கு?”

“நான் ஊருக்கு வந்தப்பறம் நமக்குச் சோத்துக்கு வேணாமா?”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், பால் கணக்குக்கும் சீட்டுப் பணத்துக்கும் கீழே, மனைவி ஒரு கோடு இழுத்தார். அதன் அடியில் 2,400 என்று எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டார்.